பூசாரின்னு எழுதினா என்ன குறைச்சல்?

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிச்சு வந்து சாவகாசமா உட்கார்ந்து படிங்க.

கும்பாபிஷேக மலருக்கு வரலாற்றுப் பக்கம் எழுதுற வேலை எங்க நாலு பேர் கையில் இருக்கு. தோட்டக் காலத்தில் அம்மனுக்குப் பூசை செய்தவங்களை "பூசாரி" என்றே எழுதியிருந்தோம். மூணு தடவை திருத்தம் வந்திடுச்சு. "அர்ச்சகர்னு மாத்துங்க", "குருக்கள்னு போட்டா கௌரவமா இருக்கும்", "பூசாரின்னா போமோ மாதிரி இருக்கு, பிள்ளைங்க கூட்டாளிங்ககிட்ட காட்டக் கூச்சப்படுறாங்க". சொன்ன யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லலை, கோயிலுக்குப் பேர் வரணும்னுதான் சொல்றாங்க. ஆனா அந்தச் சொல்லை எடுக்க நாங்க தயாரா இல்லை. ஏன்னு வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொன்னா சண்டை மாதிரி ஆயிடுது. அதனால இங்க விளக்கமா எழுதுறோம்.

பூசை செய்றவர் பூசாரி. அந்தச் சொல்லுக்குள் மந்திரமும் இல்லை, சூனியமும் இல்லை. தமிழ்நாட்டில் அரசாங்கமே கிராமக் கோயில் பூசாரிகளுக்குன்னு ஒரு நலவாரியம் வச்சிருக்கு, அதோட பேரிலேயே பூசாரி என்ற சொல் இருக்கு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு நம்ம ஊர்லருந்து எத்தனை குடும்பம் அமாவாசைக்குப் போய் வருது! அங்க பரம்பரையா பூசை செய்றவங்க மீனவர் சமூகத்துப் பூசாரிகள். அவங்க கையால் விபூதி வாங்க இராத்திரி பூராவும் கூட்டம் காத்துக் கிடக்கு. இலங்கைப் பக்கம் கதிர்காமத்தில் பூசை செய்றவருக்குக் கப்புறாளைன்னு பேரு. வாயைத் துணியால் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை சத்தமா சொல்லாம பூசை நடக்கும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெரியவங்களைக் கேட்டா இன்னும் விவரமா சொல்வாங்க. அங்கெல்லாம் போய்க் கும்பிட்டு வர்றவங்களுக்கு அந்தப் பேருங்க கூச்சமா இல்லை. நம்ம தோட்டத்துப் பூசாரியிடம் வரும்போதுதான் கூச்சம் வருது.

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் முதலில் காப்பித் தோட்டம், பிறகு ரப்பர். ஒப்பந்தக் கூலியா வந்தவங்க பாதி, கங்காணி கூட்டி வந்தவங்க பாதி. ஒப்பந்த முறை 1910ல் நின்றது. கங்காணி முறையும் 1938ல் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதைத் தடுத்ததோடு முடிந்தது. இந்தக் காலத்துக்குள் லயம் கட்டின இடத்திலெல்லாம் ஒரு சாமி மேடை எழுந்திருச்சு. பெரும்பாலும் ஒரு மரம், ஒரு சூலம், மஞ்சள் பூசின ஒரு கல். அப்புறம் அத்தாப்பு, அப்புறம் தகரம், அப்புறம் செங்கல். பல தோட்டங்களில் இடத்தைக் கொடுத்தது துரை, கட்டினது தொழிலாளி. கோயில் செலவுக்குச் சம்பளத்தில் பிடித்தம் போன தோட்டங்களும் உண்டு.

அந்த மேடைக்கு யார் பூசை செய்றது? கோயம்புத்தூர், சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடுன்னு எங்கெங்கேருந்தோ வந்த சனங்க. ஊரில் மாரியம்மன் கோயில் விளக்கு ஏத்தின குடும்பத்து ஆள் யாராவது கப்பலில் வந்திருந்தா அவர். அப்படி யாரும் இல்லைன்னா, நாக்கு சுத்தம், கை சுத்தம், விரதம் இருக்கக்கூடிய ஒருத்தரை லயத்துச் சனமே பார்த்து நிறுத்திச்சு. அவருக்குத் தனிச் சம்பளம் எதுவும் கிடையாது. விடியுறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கணும், நெத்தியில் விளக்கைக் கட்டிக்கிட்டு மரம் வெட்டணும், பாலைக் கொண்டு போய்க் கொட்டணும். அதுக்கப்புறம் குளிச்சு, ஈர வேட்டியோடு போய் விளக்கு. குழந்தைக்கு அம்மை போட்டா வேப்பிலை எடுத்துக்கிட்டு நடுராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினாங்க. ஆடி மாசம் கூழ் காய்ச்சினது, கரகம் பாலிச்சது, தீமிதிக்கு முதல்ல குழியில் இறங்கினது எல்லாம் அவர்தான்.

இதை எழுதும்போது ஒன்னு நினைச்சுப் பார்த்தோம். துரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கணும்னு இருந்த காலம் அது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் சம்பளத்தோடு சேர்த்து இந்தச் சைக்கிள் விஷயத்தையும் கோரிக்கையா வச்சாங்க. வருஷம் பூரா அப்படித் தலை குனிஞ்ச ஆள், திருவிழா அன்னைக்கு மட்டும் கருவறை வாசலில் நிமிர்ந்து நிப்பார். துரையும் துரைசாணியும் வந்து அவர் எதிரே நிப்பாங்க, அவர்தான் மாலை போடுவார். அன்னைக்குப் பூசாரி என்ற பட்டம் என்ன எடைன்னு அந்தச் சனத்துக்குத் தெரியும்.

அப்புறம் எப்படி இந்தச் சொல் இறங்கிப் போச்சு? மூணு நாலு பக்கம் இருந்து அடி விழுந்துச்சு. ஒரு அடி நல்ல எண்ணத்தோட விழுந்தது. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார், 1954லயும் வந்தார். சிங்கப்பூரில் 1930களில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இருந்தது. கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு தொடங்கினார். ஆடு கோழி வெட்டாதே, அலகு குத்தாதே, கள்ளு குடிக்காதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புன்னு சொன்னாங்க. அதனால் நம்ம சனத்துக்குப் பல நன்மை நடந்திருக்கு, மறைக்க வேண்டியதில்லை. ஆனா அந்தப் பேச்சில் மூடநம்பிக்கைக்கு முகம் வேணும்னப்போ கிடைச்ச முகம் பூசாரி. 1952 தீபாவளிக்கு வந்த பராசக்தி படத்தை எடுத்துக்குங்க. கோயிலுக்குள்ளேயே ஆதரவில்லாத பொண்ணுகிட்ட தப்பா நடக்கப் பார்க்கிறவன் ஒரு பூசாரி. கோர்ட்டில் சிவாஜி பேசுற வசனத்தை நம்ம அப்பாமார் மனப்பாடமா சொல்வாங்க. வசனம் மனசில் நின்ன மாதிரியே அந்தப் பூசாரியும் மனசில் நின்னுட்டான். அதுக்கப்புறம் வந்த சினிமாவிலும் நாடகத்திலும் பூசாரின்னா எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறவன்.

இன்னொரு அடி கோயில் பக்கம் இருந்தே வந்தது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம், கையில் நாலு காசு சேர்ந்தது, கோபுரம் கட்டினோம். ஆகம முறைப்படி கும்பாபிஷேகம் செய்ய இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சிவாச்சாரியார்களைக் கூப்பிட்டோம். நல்ல விஷயம்தான். ஆனா கோபுரம் ஏற ஏறப் பேரும் மாறிச்சு. முனியாண்டி முனீஸ்வரர் ஆனார். மாரியாயி மகா மாரியம்மன் ஆனா. கோயில் ஆலயமாச்சு, ஆலயம் தேவஸ்தானமாச்சு. ஆகமத்தில் கருவறைக்குள் போக யாருக்கு உரிமைன்னு ஒரு முறை இருக்கு, அதனால் அதுவரை பூசை செய்த பூசாரி வெளியே இருக்கிற முனீஸ்வரர் சன்னதிக்கு வந்தார். சில இடத்தில் பூக்கட்டுற வேலைக்கு வந்தார். சில இடத்தில் வீட்டுக்கே போயிட்டார்.

ஒன்னு தெளிவா சொல்லிடறோம். இது குருக்கள்மாருக்கு எதிரான பதிவு இல்லை. எங்க குருக்கள் எங்க பெரிய பூசாரியை "பூசாரி ஐயா" என்றுதான் கூப்பிடுவார், முனீஸ்வரர் சன்னதியில் அவரிடம் கேட்காம எதையும் தொட மாட்டார். அவருக்கு இல்லாத கூச்சம் செயலவைக்கு எதுக்கு? 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ குருக்கள் லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வர முடியலை. கோயில் வாசல் பூட்டியிருந்தாலும் உள்ளே விளக்கு அணையாம இருந்ததுன்னா, அது பூசாரி குடும்பத்துப் பையனாலதான். கிளவ்ஸ் பேக்டரியில் நைட் ஷிப்ட் முடிச்சு நேரா வந்து விளக்கு ஏத்திட்டுத்தான் தூங்கப் போவான்.

சொல்லுக்குக் கறை பட்டா அதைத் தூக்கிப் போடணுமான்னு நம்ம பெரியவங்க எப்படி யோசிச்சாங்கன்னு பாருங்க. சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து "இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கு"ன்னு வழக்குப் பேசுறார். சுந்தரர் கோபத்தில் அவரைப் பித்தன்னு திட்டிட்டார். திருவெண்ணெய்நல்லூரில் வந்தது யாருன்னு தெரிஞ்சு, என்ன பாடுறதுன்னு திகைச்சு நின்னப்போ, என்னை எப்படித் திட்டினியோ அந்தச் சொல்லை வச்சே பாடுன்னு சிவபெருமான் சொன்னதா பெரிய புராணம் சொல்லுது. வசவுச் சொல்லே தேவாரத்துக்கு ஆரம்பமாச்சு. அந்தக் கதையில் அடிமை என்ற சொல்லும் இருக்கு, அதையும் யாரும் மாத்தலை. நாமெல்லாம் பெருமையா சட்டையில் குத்திக்கிறோமே தொண்டர்னு, பழைய அகராதியில் தொண்டுக்கு அடிமைத்தனம்னும் ஒரு பொருள் போட்டிருக்கும். கோயிலில் செருப்பு அடுக்குறவருக்கும் அன்னதானத்தில் சாம்பார் ஊத்துறவருக்கும் அது கௌரவச் சொல்லாயிடுச்சு. பழனியில் நிக்கிறவரை ஆண்டின்னு கூப்பிடறோம். ஆண்டின்னா பிச்சை எடுக்கிறவர்னும் அர்த்தம்தான், யாராவது அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கோமா?

பண்டாரம் என்ற சொல்லை எடுங்க. இந்த நாட்டில் ஆரம்ப காலக் கோயில்கள் பலவற்றில் பண்டாரங்கள்தான் பூசை செய்தாங்க, பூ கட்டினாங்க. இன்னைக்கு "பரதேசி பண்டாரம்"னு திட்டுறதுக்குத்தான் பயன்படுது, பேஸ்புக்கில் இன்னும் மோசம். அதே சமயம் திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனத் தலைவர்களுக்குப் பட்டமே பண்டார சந்நிதி. மடத்தில் ஒரு சொல் தலைக்கு மேல இருக்கு, லயத்தில் அதே சொல் காலடியில் கிடக்கு. சொல்லில் எந்தக் குறையும் இல்லைன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது. அதை யார் தாங்கியிருக்காங்கன்னு பார்த்துத்தான் சனம் மரியாதை கொடுக்குது.

சாமி என்ற சொல்லும் அடி வாங்கியிருக்கு. மலாயாவில் வெள்ளைக்காரன் எந்தத் தமிழனைப் பார்த்தாலும் ராமசாமின்னுதான் கூப்பிட்டான். தென்னாப்பிரிக்காவில் ராமசாமி, முத்துசாமின்னு நம்ம பேருங்க "சாமி"ன்னு முடியறதைப் பார்த்து, இந்தியர்கள் எல்லாரையும் சாமின்னு இளக்காரமா கூப்பிட்டாங்க. 1893ல் அங்கே போன காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கார். கொஞ்சம் சூட்டிகையான ஆளா இருந்தா என்ன பதில் சொல்வாராம் தெரியுமா? சாமின்னா எஜமான், நீ என்னை எஜமான்னு கூப்பிடறே, நான் உனக்கு எஜமான் இல்லையேன்னு திருப்பிச் சொல்வாராம். பேரை மாத்திக்காம, சொல்லோட அர்த்தத்தைக் காட்டி வாயை அடைச்சிருக்காங்க. அந்தக் காலத்துக் கூலியாளுக்கு இருந்த துணிச்சல் டிகிரி படிச்ச நமக்கு இல்லாம போகலாமா?

அப்போ கெலிங் என்ற சொல்லையும் வச்சுக்கணுமான்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். அது கலிங்கம் என்ற நாட்டுப் பேரிலிருந்து வந்தது, ஒரு காலத்தில் வெறும் அடையாளப் பேர். மலாக்காவில் 1748ல் எழுந்த மசூதிக்கு மஸ்ஜிட் கம்போங் கிளிங்னு இன்னைக்கும் பேர் இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா அது மத்தவங்க நமக்கு வச்ச பேரு, இன்னைக்குக் குத்துறதுக்குன்னே சொல்றாங்க. நம்ம அம்மா அப்பா அந்தச் சொல்லால் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டதே இல்லை. பூசாரி அப்படியில்லை. நம்ம பாட்டிமார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, கையேந்தி, "பூசாரி, எம்புள்ளைக்குத் துன்னூறு போடு"ன்னு சொன்ன சொல் அது. எங்க பார்வையில் இந்த ரெண்டும் வேற வேற கேஸு.

பிரிக்பீல்ட்ஸில் சக்தி விநாயகர் கோயில் இருக்கிற சாலைக்குப் பேர் ஜாலான் பெர்ஹாலா. வெள்ளைக்காரன் காலத்தில் டெம்பிள் ரோடு. பௌத்த மகா விகாரையும் அங்கேதான். பெர்ஹாலான்னா மலாயில் சிலை, விக்கிரகம். யாராவது மதத்தைக் குறை சொல்லணும்னா அந்தச் சொல்லைத்தான் எடுப்பாங்க. ஆனாலும் நாம அந்த ரோட்டுல சதுர்த்தி அன்னைக்குக் கார் நிறுத்த இடம் தேடி அலையறோமே தவிர, போர்டைப் பார்த்து முகம் சுளிச்சதில்லை. ஆமா, உள்ளே சிலை இருக்கு, அதில் சாமி இருக்கு, கும்பிடறோம். இதில் ஒளிக்க என்ன இருக்கு? அதே மாதிரி மலாயில் இந்துக் கோயிலுக்குச் சொல்ற குயில், நம்ம கோயில் என்ற சொல்லேதான். 2025 மார்ச்சில் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் ஓடினப்போ "குயில் ஹாராம், குயில் ஹாராம்"னு இணையத்தில் எழுதித் தள்ளினாங்க. மனசு கொதிச்சது உண்மை. அதுக்காகக் கோயில்னு சொல்றதை விட்டுட்டு வேற பேருக்குப் போறதா? ஸ்காட் ரோட்டில் யாழ்ப்பாணத்துக்காரங்க கட்டினது இன்னைக்கும் கந்தசுவாமி கோவில்தான். அதுக்கு மரியாதை ஒன்னும் குறைஞ்சிடலை.

இப்போ முக்கியமான காரணத்துக்கு வர்றோம். 1980, 90களில் தோட்டங்களை வீட்டு மனையா, தொழிற்பேட்டையா மாத்தினாங்க. லயம் போச்சு, ஆயாக்கொட்டகை போச்சு, தோட்டத்துப் பள்ளி சிலது வேற இடத்துக்கு மாறிச்சு. அசையாம நின்னது கோயில் மட்டும். நிலம் கைமாறினதும் அதே கோயிலைச் சட்டவிரோதம்னு சொன்னாங்க. ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை 2007 அக்டோபர் 30ல், தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது இடிச்சாங்க. அடுத்த மாதம் 25ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் நம்ம சனம் எத்தனை பேர் இறங்கினாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

அப்படி ஒரு நாள் வந்தா, "நாங்க இங்க நூறு வருஷமா இருக்கோம்"னு எதைக் காட்டிச் சொல்றது? தொழிலாளிங்ககிட்ட பட்டாவா இருந்தது? பழைய திருவிழா நோட்டீசு, நன்கொடை ரசீது, தோட்ட ஆபீசு கொடுத்த கடிதம், இதுங்கதான். அதில் என்ன எழுதியிருக்கு? "இன்ன தோட்டம் மாரியம்மன் கோயில், பூசாரி இன்னார்". முனியாண்டி கோயில்னு எழுதியிருக்கு. இப்போ புதுசா அச்சடிக்கிற மலரில் தோட்டத்துப் பேரை எடுத்து, கோயில்னு இருந்ததைத் தேவஸ்தானமாக்கி, பூசாரியைக் குருக்களாக்கினா, பழைய காகிதத்துக்கும் புதுப் புத்தகத்துக்கும் சம்பந்தம் என்னன்னு நாளைக்கு ஒரு அதிகாரி கேட்பார். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கோயிலில் இந்தக் கேள்வி வந்தது. பழைய ரசீதில் இருக்கிற பேரும் பதிவில் இருக்கிற பேரும் ஒன்னுதான்னு நிரூபிக்க அவங்க ரெண்டு வருஷம் அலைஞ்சாங்க. பேக்டரியில் சாமானுக்குப் பேட்ச் நம்பர் மாதிரி இது. லேபிளை அழகா மாத்தலாம், நம்பரை மாத்திட்டா அந்தச் சாமான் எங்கிருந்து வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது.

காகிதத்தை விடுங்க, ஆளுங்க இருக்காங்களே. எங்க கோயிலுக்கு மூணு தலைமுறையா பூசை செய்த குடும்பம் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு. மலரில் "அன்றைய குருக்கள்" என்று போட்டா, படிக்கிறவங்க யாரோ ஊர்லருந்து பெர்மிட்டில் வந்து போனவர்னு நினைப்பாங்க. மரம் வெட்டின கையாலேயே விளக்கு ஏத்தினவர்னு அந்த ஒரு சொல்லில்தான் தெரியுது. அவரை உயர்த்தறோம்னு நினைச்சு நாமே அவரை வரலாற்றிலிருந்து எடுத்துடறோம். அந்த வீட்டு அம்மாகிட்ட இதைப் பத்திக் கேட்டோம். "எங்க மாமனார் செத்தப்போ தோட்டத்துச் சனம் முன்னூறு பேர் பூசாரி போயிட்டாருன்னுதான் அழுதாங்க. வேற பேர் போட்டா எங்களுக்கே யாருன்னு தெரியாதுங்க" அப்படின்னாங்க.

அதனால மலரில் குருக்கள் குருக்களாகவே இருப்பார், பூசாரி பூசாரியாகவே இருப்பார். முனீஸ்வரர் சன்னதி படத்துக்குக் கீழே "தோட்டக் காலத்தில் முனியாண்டி" என்று ஒரு வரி வரும். தோட்டத்தின் பேர் முதல் பக்கத்தில் வரும். போமோ மாதிரி இருக்குன்னு சொன்ன பிள்ளைங்களுக்காக, பூசாரி என்ன வேலை செய்தார்னு அரைப் பக்கம் தனியா எழுதுறோம், அதைப் பெரிய பூசாரியிடமே கேட்டு எழுதுறோம். வயசு எண்பதைத் தாண்டிடுச்சு, ஆனா எந்த வருஷம் எந்த அடியார் முதல் தீ மிதிச்சார்னு இன்னும் வரிசையா சொல்றார்.

செயலவை கூட்டத்தில் இதைப் பேச மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வச்சிருக்காங்க. மாற்றுக் கருத்து உள்ளவங்க அங்க வந்து பேசலாம், கீழேயும் எழுதலாம், மரியாதையா எழுதினா போதும்.

அதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு உதவி கேட்கிறோம். 1950, 60, 70களில் அடிச்ச திருவிழா நோட்டீசு, உபயச் சீட்டு, நன்கொடை ரசீது, பூசாரி இருக்கிற கல்யாணப் போட்டோ, காதுகுத்துப் போட்டோ எது வீட்டில் இருந்தாலும் கொண்டு வாங்க. போனில் படம் எடுத்து அனுப்பாதீங்க, எழுத்து மங்கலா தெரியுது. செவ்வாய், வெள்ளி மாலைப் பூசைக்குப் பிறகு அர்ச்சனைச் சீட்டு கவுண்டர் பக்கத்தில் இருப்போம். அங்கேயே ஸ்கேன் பண்ணிட்டு அசலை உங்க கையில் கொடுத்திடுவோம். பின்பக்கத்தில் கையெழுத்தில் ஏதாவது எழுதியிருந்தா அழிக்காதீங்க, அதுவும் வேணும்.